கறுத்தப் போத்தலுக்கு மார்க் போடுறது எப்பிடி? – அண்ணையைக் கேளுங்கோ

ஆவணி லீவுக்கு வெளிநாட்டுச் சனம் வந்திறங்கினால் எனக்கு வாற கேள்வியளும் மாறிப்போயிடும். போன மாசம் முழுக்க நெல்லு விலையும் யானை வேலியும். இந்த மாசம் வந்த கடிதத்தில பாதிக்கு மேல ஒரே சாமானைப் பற்றித்தான், சூட்கேசுக்குள்ள துவாயால சுத்திக் கொண்டுவந்த கறுத்த பியர்ப் போத்தல். சரி, இந்தமுறை அதையே கதைப்பம். 21 வயசு ஆகாத பொடியள் அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போங்கோ.

அண்ணை, கனடாவில இருந்து வந்த மச்சான் ஒரு போத்தல் தந்தவர். பேர்பன் விஸ்கிப் பீப்பாவில ஒரு வருசம் வைச்ச இம்பீரியல் ஸ்டவுட் (வறுத்த பார்லியில செய்யிற, வீதம் கூடின கறுத்த பியர்), வனிலா, கோப்பி, தேங்காய் சேர்த்தது, சாராயம் 13 வீதம் எண்டு போட்டிருக்கு. அரை லீற்றர் போத்தல். நாங்கள் நாலுபேர் சனிக்கிழமை திறக்கப்போறம். மச்சான் சொல்லுறார் இதை மடக்கு மடக்கெண்டு குடிக்கேலாதாம், ருசி பாத்து மார்க் போடவேணுமாம். எங்களுக்குக் கள்ளும் லயன் ஸ்டவுட்டும்தான் தெரியும். எப்பிடித் தொடங்கிறது?
– மல்லாவி வாசகர்

தம்பி, கள்ளுத் தெரிஞ்ச ஆளுக்கு இது புது வேலை இல்லை. தவறணையில பிளாவை நீட்டி வாங்கினதும் என்ன செய்யிறனீங்கள்? நுரையில விழுந்து கிடக்கிற எறும்பை ஊதி ஒதுக்கிப்போட்டு மணந்து பாப்பீங்கள், ஒரு மிடறு வாயுக்க வைச்சுப் பாப்பீங்கள், காலமை இறக்கினதோ நேற்றையானோ, தண்ணி விட்டதோ, முட்டி கழுவாமல் கட்டினதோ எண்டு பக்கத்தில நிக்கிற ஆளுக்குச் சொல்லுவீங்கள். அதுதான் ருசி பாக்கிறது. வெள்ளைக்காரன் அதுக்கு ஒரு பேப்பரும் பென்சிலும் சேர்த்துக்கொண்டான், அவ்வளவுதான்.

முதல் விசயம் குளிர். பிரிட்ஜில இருந்து எடுத்த உடன குடிச்சால் அது சும்மா கறுத்த ஐஸ்தண்ணி, நாக்கு விறைச்சுப்போகும், ஒரு மணமும் மேல வராது. இந்தச் சாமானுக்கு 10 தொடக்கம் 13 பாகைதான் கணக்கு. எங்கட வெயிலுக்கு எடுத்து மேசையில ஒரு கால் மணித்தியாலம், இருபது நிமிசம் வைச்சாலே காணும், அதுக்கு மேல விட்டால் அறைச் சூட்டுக்குப் போய் சாராயக் காரம் மட்டும்தான் மூக்கில அடிக்கும். ஐஸ்கட்டி போடவே போடாதேங்கோ. மச்சான் ஒரு வருசம் பீப்பாவில வைச்ச சாமானைக் கொண்டந்திருக்கிறார், நீங்கள் அதுக்கு பைப் தண்ணி கலக்கிறதோ?

கிளாஸ், வாய் ஒடுங்கி வயிறு பெருத்தது இருந்தால் திறம், மணத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். இல்லாட்டி சாதாரண வைன் கிளாஸ் காணும். அதுவும் இல்லாட்டி தேத்தண்ணிக் கிளாஸ், ஆனால் சவர்க்கார மணம் போக வடிவாக் கழுவி, துடைக்காமல் கவிழ்த்து வைச்சுக் காயவிடுங்கோ. மீன் துடைச்ச துணியால துடைச்ச கிளாசில நான் ஒருக்கா ஒரு அருமையான ஸ்டவுட்டைக் குடிச்சுப் பாத்தன், ஒரே சூடைமீன் வாடை, இண்டைக்கும் அந்தப் பியரின்ர பேரைக் கேட்டால் எனக்கு மீன்தான் ஞாபகம் வரும். ஆளுக்கு அரைக் கிளாசுக்கும் குறைய, ஒரு 60 – 80 மில்லி மட்டும் விடுங்கோ. மிச்சம் இருக்கட்டும், சூடாகச் சூடாக அது வேற ருசி காட்டும், அந்த மாற்றத்தைப் பாக்கிறதுதான் இதில பாதிச் சந்தோசம்.

பேந்து மணம். கிளாசை ஒரு சுத்துச் சுத்திப்போட்டு, நாய் மோந்து பாக்கிற மாதிரி சின்னச் சின்னதா ரெண்டு மூண்டு இழுவை. நீளமா இழுத்தால் மூக்கு களைச்சுப்போகும். களைச்சால் உங்கட சொந்த முழங்கையை மணந்து பாருங்கோ, சிரிக்காதேங்கோ, உண்மையா மூக்கு பழைய நிலைக்கு வரும். இப்ப கேக்கவேண்டிய கேள்வி ஒண்டுதான்: இதுக்குள்ள எத்தினை பேர் இருக்கினம்? பீப்பா வைச்ச, ருசி சேர்த்த ஸ்டவுட்டில மூண்டு பேர் இருக்கவேணும். ஒராள் ஸ்டவுட், வறுத்த பார்லி, சட்டியில கொஞ்சம் கருக விட்ட கோப்பிக்கொட்டை, பனங்கட்டிப் பாணி அடிப்பிடிக்கிறதுக்கு ஒரு செக்கன் முந்தின மணம். ரெண்டாவது ஆள் பீப்பா, மரம், விஸ்கி, வனிலா, லேசான புகை. மூண்டாவது ஆள் அவங்கள் கடைசியாப் போட்ட கோப்பியும் தேங்காயும். மூண்டு பேரும் கதைக்கிறது கேக்கவேணும். ஒராள் மட்டும் கத்தி மற்ற ரெண்டுபேரும் வாய் பொத்திக்கொண்டு நிண்டால் மார்க்கைக் குறையுங்கோ, எவ்வளவு விலை குடுத்து வாங்கியிருந்தாலும் சரி. என்ர அனுபவத்தில பத்துக்கு ஆறு போத்தலில கத்துறது அந்த மூண்டாவது ஆள்தான். வனிலா எசன்ஸ் போத்தல் கவிண்ட மாதிரி ஒரு மணம் வந்தால் அநேகமா அடியில இருக்கிற பியர் சோத்தி, அதை மறைக்கத்தான் இந்த அலங்காரம் எண்டு நான் சந்தேகப்படுவன்.

ருசி பாக்கேக்க வாயுக்க ஒருக்கா உருட்டிப்போட்டு விழுங்குங்கோ. வைன் பாக்கிற ஆக்கள் துப்புவினம், பியர் பாக்கிற ஆக்கள் விழுங்குவினம், ஏனெண்டால் கசப்பு கடைசியா அடித்தொண்டையிலதான் வந்து நிக்கும், அது எவ்வளவு நேரம் நிக்குது, எப்பிடிப் போகுது எண்டது முக்கியம். இனிப்பில தொடங்கி, வறுத்த கசப்புக்குப் போய், மரத்தின்ர துவர்ப்பில முடிஞ்சு, நெஞ்சில ஒரு இளஞ்சூடு வந்தால் நல்ல சாமான். சூடு வேற எரிவு வேற. எரிஞ்சால் சாராயம் இன்னும் ஒண்டோட ஒண்டு சேரேல்லை எண்டு அர்த்தம்.

மார்க்குக்கு, அமெரிக்காவில 1985ல தொடங்கின பி.ஜே.சி.பி எண்ட பியர் நடுவர்மாரின்ர அமைப்பு ஒண்டிருக்கு, அவையின்ர தாளில மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில இருக்கிற கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் மூண்டு! எங்கட பொம்பிளை பாக்கிற சடங்கைக் கொண்டுபோய் அவங்களிட்டப் படிக்க விடவேணும். அந்தத் தாளில 38க்கு மேல வந்தால் அது சோக்கான பியர், 45 தாண்டினால் ஊருக்கே சொல்லலாம், 21க்குக் கீழ போனால் எங்கயோ பிழை.

இன்னொண்டு, இதுதான் உங்கட நாலுபேருக்கும் முக்கியம். எல்லாரும் எழுதி முடிக்கும்வரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. "ஆகா, தேங்காய்!" எண்டு மச்சான் ஒரு சொல்லுச் சொன்னால் பிறகு உங்கட மூண்டுபேரின்ர மூக்கிலயும் தேங்காய்தான் மணக்கும். எங்கட வீட்டில பெரியப்பா "நல்லாக் கிடக்கு" எண்டால் கதை முடிஞ்சுது, அதுக்குப் பிறகு ஆரும் 30க்குக் குறைய எழுத மாட்டினம்.

பீப்பாவில வைச்சால் அப்பிடி என்ன வரப்போகுது? மரத்தில தேங்காய் மணம் வருமெண்டு மருமோன் சொல்லுறான். பொய்தானே?
– ஒட்டுசுட்டானில இருந்து ஒரு மாமா

மருமோன் சொல்லுறது சரி மாமா. அமெரிக்க ஓக் மரத்தில லாக்டோன் எண்ட ஒரு சாமான் இருக்கு, அதின்ர மணம் அசல் தேங்காய்ச்சொட்டு. மரத்தில இருக்கிற லிக்னின் எண்ட பொருளைச் சுட்டால் வனிலின் வரும், வனிலாவில இருக்கிற அதே பொருள். அதாலதான் ஒரு சொட்டு வனிலாவும் போடாமலே பீப்பா ஸ்டவுட்டில வனிலா மணக்கிறது.

ஏன் எல்லாரும் பேர்பன் பீப்பாவுக்குப் பின்னால போறாங்கள் எண்டால், அமெரிக்கச் சட்டப்படி பேர்பனை உள்ளுக்குக் கருக்கின புது ஓக்கிலதான் வைக்கவேணும். ஒருக்காப் பாவிச்ச பீப்பாவில திருப்பிப் பேர்பன் வைக்கேலாது. அப்ப ஏறக்குறைய 200 லீற்றர் பிடிக்கிற நல்ல பீப்பாயள் வருசா வருசம் கும்பி கும்பியா மிஞ்சும். ஸ்கொட்லாந்துக்காரன் விஸ்கிக்கு வாங்குவான், மற்றவன் ரம்முக்கு வாங்குவான். சிக்காகோவில கூஸ் ஐலண்ட் எண்ட பியர்க்காரர் 1990களில அதுக்குள்ள ஸ்டவுட்டை ஊத்திப் பாத்தினம், அதுக்குப் பிறகுதான் இந்தப் பைத்தியம் உலகம் முழுக்கப் பரவினது. மரத்துக்குள்ள ஊறிக் கிடந்த விஸ்கியும் பியருக்க இறங்கும், அதால வீதமும் கொஞ்சம் ஏறும்.

உங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொன்னால், நாள்பட்ட கள்ளு முட்டியை நல்லாக் கழுவிப்போட்டு வெறும் தண்ணி விட்டு வைச்சுப் பாருங்கோ, விடிய அந்தத் தண்ணியில என்ன மணக்குது? மண்முட்டிக்கே அந்த ஞாபகம் இருக்கெண்டால் மரத்துக்கு இருக்காதோ.

அப்ப எங்கட மரத்தில செய்யேலாதோ அண்ணை? வன்னிக்காட்டில பாலையும் முதிரையும் நிறைஞ்சு கிடக்கு.
– மாங்குளம் வாசகர்

இலங்கையில சாராயத்தை நாள்பட வைக்கிறதுக்கு எண்டே பேர் எடுத்த மரம் சமண்டலை, சிங்களத்தில ஹல்மில்ல. வெள்ளைக்காரன் அதைத் 'திருகோணமலை மரம்' எண்டுதான் சொன்னவன், சென்னைக் கடற்கரையில அந்தக்காலத்து மசூலாப் படகுக்கும் இங்கயிருந்துதான் போனது. தென்னஞ்சாராயம் சமண்டலைப் பீப்பாவில கிடந்து நிறம் பிடிக்கிறது எங்கட நாட்டுப் பழைய கதை. அப்பிடி ஒரு பீப்பாவில நல்ல ஸ்டவுட்டை எட்டு மாசம் விட்டு எடுத்தால் என்ன வரும் எண்டு நானும் கனநாளா ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறன். அதோட வன்னியில ருசி சேர்க்கிறதுக்குச் சாமானுக்கோ பஞ்சம், பனங்கட்டி, காட்டுத்தேன், முறிகண்டிக் கச்சான், வைகாசி ஆனியில ஏ9 வீதியோரம் விக்கிற பாலைப்பழம்! பாலைப்பழத்தின்ர அந்தப் பிசுபிசுத்த இனிப்பும் பின்னால வாற துவர்ப்பும் ஸ்டவுட்டுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி.

ஆனால் தம்பி, வீட்டுக் கோடிப்பக்கம் பீப்பா உருட்டிற யோசனை இருந்தால் விடுங்கோ. லைசென்ஸ் இல்லாமல் மதுபானம் செய்யிறது குற்றம், 1912ம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இண்டைக்கும் உயிரோடதான் கிடக்கு. மரம் தறிக்கிறதுக்கு வேற ஒரு வழக்கு வரும்.

லயன் ஸ்டவுட்டை இதுகளோட பக்கத்தில வைக்கலாமோ? மச்சான்மார் பகிடி பண்ணுறாங்கள்.
– கிளிநொச்சி வாசகர்

பகிடி பண்ணுற மச்சானிட்ட மைக்கேல் ஜாக்சனைத் தெரியுமோ எண்டு கேளுங்கோ. ஆடின ஆள் இல்லை, இவர் இங்கிலாந்துக்காரர், பியரைப் பற்றி எழுதுறதையே தொழிலா வைச்சிருந்து 2007ல செத்துப்போனவர். அந்தாள் இலங்கைக்கு வந்து இந்த ஸ்டவுட்டைக் குடிச்சுப்போட்டு உலகம் முழுக்கப் புகழ்ந்து எழுதினவர். அதின்ர வேர் நுவரெலியாவில சாமுவேல் பேக்கர் 19ம் நூற்றாண்டில தொடங்கின மதுவடிசாலை, அதே பேக்கர்தான் பேந்து ஆபிரிக்காவுக்குப் போய் அல்பேர்ட் ஏரியைக் கண்டவர். மலைக் குளிருக்குப் பிறந்த கறுத்த பியர் எப்பிடியோ எங்கட வெக்கைக்கும் பழகிப்போச்சு.

8.8 வீதம், பீப்பா இல்லை, வனிலா இல்லை, வெறும் ஸ்டவுட். அதாலதான் அது நல்ல அளவுகோல். சனிக்கிழமை திறக்கப்போற மல்லாவித் தம்பிக்கும் சேர்த்துச் சொல்லுறன்: முதல்ல லயனில ரெண்டு மிடறு குடிச்சுப்போட்டு, ஒரு துண்டு பாணும் தண்ணியும் எடுத்து, பிறகு மச்சானின்ர போத்தலுக்குப் போங்கோ. சேர்த்த மணத்தை எல்லாம் மனசால கழிச்சுப்போட்டால் அடியில மிஞ்சிற பியர் லயன் அளவுக்காவது நிக்குதோ? நிண்டால் மச்சான் நல்ல மச்சான். எப்பவும் மெல்லிசு முன்னுக்கு, கனத்தது பின்னுக்கு. கணவாய்ப் பொரியல், மிளகாய்த்தூள் போட்ட கடலை எல்லாம் மார்க் போட்டு முடிஞ்ச பிறகு. நாக்கு உறைப்பில எரிஞ்சுகொண்டிருக்க வனிலாவைத் தேடினால் கிடைக்குமோ?

திறந்து பாத்தால் ஒரு புளிப்பு மணம், கொஞ்சம் மாமைற் மணமும் அடிச்சது. இது அப்பிடித்தானோ, பழுதோ? கொண்டந்த அண்ணாவிட்டக் கேக்க வெக்கமாக் கிடக்கு.
– முல்லைத்தீவு வாசகி

தங்கச்சி, புளிப்பில ரெண்டு வகை இருக்கு. வறுத்த தானியத்தில வாற மெல்லிய புளிப்பு, கறுத்த கோப்பியில வாறது மாதிரி, அது பிழையில்லை. ஆனால் விடியத்தைக் கள்ளைப் பின்னேரம் மணந்து பாத்தால் மூக்கில குத்துமே, வினாகிரிப் புளிப்பு, அது வந்தால் பீப்பாவுக்குள்ள வேண்டாத கிருமி குடிபுகுந்திட்டுது எண்டு அர்த்தம். மரத்தைச் சட்டி மாதிரி அவிச்சுத் துடைக்கேலாது, அதின்ர துளையளுக்குள்ள பக்றீரியா ஒளிச்சிருக்கும், பெரிய பெரிய கொம்பனியளுக்கும் நடந்திருக்கு. திறக்கேக்க போத்தல் பொங்கி வழிஞ்சதோ? வழிஞ்சிருந்தால் கிருமி எண்ட சந்தேகம் இன்னும் கூடும்.

மாமைற் மணம் ஈஸ்ட் செத்துக் கரையிறதால வாறது. மாமைற்றே பியர் வடிக்கிற ஈஸ்ட்டில இருந்து செய்யிற சாமான்தானே, அதாலதான் உங்கட மூக்கு உடன கண்டுபிடிச்சிட்டுது, நல்ல மூக்கு. துளியூண்டு இருந்தால் ஸ்டவுட்டில அது கனம் குடுக்கும், சோயா சோஸ் கறிக்குக் குடுக்கிறது மாதிரி. கிளாஸ் முழுக்க அதுவே எண்டால் ஊத்திவிடலாம். வேற சில மணமும் சொல்லிவைக்கிறன்: மழையில நனைஞ்ச காட்போட் பெட்டி மணத்தால் காத்துப்பட்டுப் பழசாப் போச்சு. பட்டர் மணத்தால் நொதிக்கிறது சரியா முடியேல்லை. கோப்பி போட்ட ஸ்டவுட் நாள்பட்டால் கறிமிளகாய் வெட்டின மணம் வரும், முதல்தரம் எனக்கு அது வரேக்க குசினியில ஆரோ சம்பலுக்கு வெட்டினம் எண்டுதான் நினைச்சன். தேங்காய் போட்டது நாள்பட்டால் பழைய தேங்காயெண்ணெய்ச் சிக்கு மணம். அண்ணாவிட்ட ஒண்டும் கேக்கவேண்டாம், அவர் பீப்பாவுக்க போய் இருந்தவரோ.

நுரை ரெண்டு நிமிசத்தில போயிட்டுது. மார்க் குறைக்கலாமோ?
– வவுனியா வாசகர்

குறைக்காதேங்கோ. இவ்வளவு வீதத்தில நுரை நிக்காது, தேங்காய் போட்டிருந்தால் எண்ணெயும் சேர்ந்து நுரையைக் கொல்லும். தேத்தண்ணி நிறத்தில ஒரு வளையம் கிளாசின்ர கரையில ஒட்டிக்கொண்டு நிண்டால் காணும். மொத்தமே மூண்டு மார்க், அதுக்குள்ள சண்டை பிடிக்கிறதோ?

நாள்பட வைச்சால் இன்னும் ருசி கூடுமாம். மகளின்ர கலியாணம் 3 வருசத்தில, அதுக்கு எடுத்து வைக்கலாமோ?
– புதுக்குடியிருப்பு வாசகர்

ருசி கூடுறது எல்லாம் 12, 13 பாகையில இருட்டு நிலவறை வைச்சிருக்கிற ஆக்களுக்கு. எங்கட அலுமாரிக்க சித்திரை வெயிலுக்கு 33, 34 பாகை. சூடு ஏற ஏறப் பியர் கெதியாக் கிழடாகும். நான் ஒரு போத்தலை அலுமாரிக்கு மேல, பழைய கலண்டருக்குள்ள சுத்தி, ரெண்டு வருசம் பத்திரமா வைச்சிருந்தன். தம்பி சுவிசில இருந்து கொண்டந்தது, உள்ளுக்கு வனிலாவும் கோப்பியும். தைப்பொங்கலண்டு பின்னேரம் பெரிய ஆரவாரமாத் திறந்தால் வனிலா முழுக்கப் பறந்துபோய், கோப்பி கறிமிளகாயாப் போய், மிச்சம் இருந்தது நனைஞ்ச காட்போட்டும் சோயா சோசும். தம்பி முன்னால இருந்தவன், "எப்பிடி அண்ணை" எண்டு கேட்டான். "திறமடா" எண்டு சொல்லி முழுக்கக் குடிச்சன். அண்டைக்கு நான் போட்ட மார்க்கை இதில எழுத மாட்டன், அவனும் இந்தப் பத்திரிகை வாசிக்கிறவன்.

ருசி சேர்த்த ஸ்டவுட்டை வாங்கின வருசமே குடிக்கிறது நல்லம். வைக்கத்தான் வேணுமெண்டால் பிரிட்ஜின்ர அடித்தட்டில, நிமிர்த்தி. கலியாணத்துக்கு வேற ஏதும் பாருங்கோ.

ஊருக்க குடியால எத்தினை குடும்பம் சீரழிஞ்சு கிடக்கு. நீங்கள் மணம் பிடிக்கவும் மார்க் போடவும் சொல்லிக் குடுக்கிறியள். வெக்கமில்லையோ?
– துணுக்காயில இருந்து ஒரு ரீச்சர்

ரீச்சர், உங்கட கோபத்துக்கு நான் எதிர்க்கதை சொல்லப்போறதில்லை. கசிப்புப் பரல் இருக்கிற ஒழுங்கையிலதான் நானும் குடியிருக்கிறன், சம்பளநாள் இரவு எந்த வீட்டில சத்தம் வரும் எண்டு எனக்கும் தெரியும். இந்தப் பக்கத்தை வாசிச்சு ஆரும் புதுசாக் குடிக்கத் தொடங்கவேண்டாம். ஏற்கனவே கையில போத்தல் வைச்சிருக்கிற ஆக்களுக்குத்தான் எழுதுறன், அவைக்கும் ஒரு கணக்குச் சொல்லவேணும்: 13 வீதத்தில அரை லீற்றர் எண்டால் உள்ளுக்க 65 மில்லி சுத்தச் சாராயம். சாதாரண 4.8 வீத லாகர் பியர் பெரிய போத்தல், 625 மில்லி, அதில வெறும் 30. அப்ப அந்தச் சின்னக் கறுத்தப் போத்தல் ரெண்டு பெரிய போத்தலை விடக் கூட. இனிப்பா, பாயாசம் மாதிரி இறங்கும், ஏறுறது தெரியாது. நாலுபேருக்கு ஒரு போத்தல், மோட்டச்சைக்கிள் திறப்பு வீட்டுக்கார அம்மாவின்ர கையில.

கடைசியா ஒண்டு, நீங்கள் குடிச்சதில அதிகம் மார்க் வாங்கினது எது?
– மன்னார் வாசகர்

பேர் சொல்ல மாட்டன், சொன்னால் விளம்பரம் எண்டு சண்டைக்கு வருவினம். மார்கழி மழை, கரண்ட் இல்லை, கைவிளக்கு வெளிச்சத்தில குடிச்சது. நிறமும் தெரியேல்லை நுரையும் தெரியேல்லை, மணம் மட்டும்தான். முதல்ல கருகின பனங்கட்டி, பேந்து புதுசாச் சீவின பலகை, பிறகு மழைக்காலத்தில குசினிப் புகட்டில தொங்கிற புளியின்ர மணம், வனிலா கடைசியில வந்து கதவடியில நிண்டு எட்டிப் பாத்திட்டுப் போன மாதிரி ஒரு சொட்டு. மரத்தின்ர துவர்ப்பு நாக்கில கால் மணித்தியாலம் நிண்டது. நான் 43 போட்டன். பக்கத்தில இருந்த மச்சான் 22 போட்டார். ஏனெண்டு கேட்டதுக்கு, "கச்சானுக்கு ஒத்துவரேல்லை" எண்டார்.